கோபத்துக்குக் காத்திருந்த பிலவேந்திரன்

அத்தியாயம் ஏழு

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. புனித அந்தோனியார் சாட்சி. அவர் ஒருவர் போதாது என்பவர்களுக்கு, அதியமான்கோட்டைச் சாலையோரப் புளியமரம் சாட்சி. சம்பவம் நடந்த அன்று அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. போய் யாரும் கேட்டுக்கொள்ளலாம்.

பிலவேந்திரனின் விளைநிலம், அந்தப் பக்கத்துப் பேச்சில் காடு, சாலையிலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிடு தூரம் என்றால் மற்றவர்கள் கூப்பிட்டால். பிலவேந்திரன் கூப்பிட்டால் அந்தத் தூரம் தொப்பூர் கணவாய் வரைக்கும் போகும். அவர் மாட்டை அதட்டிய அதட்டலில் ஓசூர் லாரி ஒன்று தானாக ஓரம் கட்டி நின்று, டிரைவர் இறங்கி வந்து, "எங்கிட்டத் தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டுப் போனது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தலை சுற்றுகிறது என்று தருமபுரிக்குக் கூட்டிப் போனாள் மனைவி பாக்கியமேரி. டாக்டர் காளியப்பன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது, ஏறியது, கண்ணாடிக் குழாயின் உச்சியை முட்டிவிட்டு, மேலே இன்னும் இடம் இருக்கிறதா என்று தேடியது.

"உங்க நெஞ்சு ஒரு பம்புசெட்டுங்க" என்றார் டாக்டர். "ஓட வேண்டிய வேகத்துக்கு மேல ஓடுது. அடிக்க வேண்டியதுக்கு மேல அடிக்குது. குழாய் என்னா பண்ணும்? மெட்ராஸுலருந்து புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. அது நெஞ்சுகிட்டப் போயி, மெதுவா ஓடு, மெல்லமா அடின்னு சொல்லும். பிரஷர் எறங்கிரும்."

"மெதுவா ஓடினா தண்ணி கம்மியால்லங்க வரும்?"

"வரட்டுமே. நீங்க என்னா மேட்டூர் டேமையா ரொப்பப் போறீங்க?"

பிலவேந்திரனுக்கு அதில் நியாயம் தெரிந்தது. டாக்டர் விரலை நீட்டி இன்னும் இரண்டு சொன்னார். பம்பே பலவீனமான ஆளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க மாட்டார். இருக்கிற கொஞ்ச பலத்தையும் அது குறைத்துவிடும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். பிலவேந்திரனுடையது பலமான பம்பு என்பதால்தான் தைரியமாகக் கொடுக்கிறார். அடுத்தது, தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கயிற்றை அறுத்துக்கொண்ட காளை மாதிரி நெஞ்சு பாயும். பிறகு பிடிப்பதற்கு ஆள் கிடையாது.

மாத்திரை வேலை செய்தது. மார்கழியில் மறுபடி போனபோது டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ஒரு துடிப்பைக் கேட்டார். பிறகு கம்பவுண்டர் கொண்டுவந்த காபியை ஆற்றிக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது அடுத்த துடிப்பு வந்தது. டாக்டருக்கு ரொம்பத் திருப்தி.

திருப்தி இல்லாதவர் பிலவேந்திரன் மட்டும்தான். கைவிரல் சில்லிட்டது, உழவில் மாடு இரண்டு சால் முன்னே போய் நின்று அவருக்காகக் காத்திருந்தது, இதெல்லாம் பெரிதில்லை. கோபம் வரவில்லை. அதுதான் பெரிது.

அவருக்குக் கோபம் எப்போதும் நெஞ்சில்தான் கிளம்பும். முதலில் உள்ளே தடதடவென்று நாலு அடி. அது காதுக்கு ஏறும். காதிலிருந்து வாய்க்கு வரும். அதற்குப் பிறகு தொப்பூர் வரைக்கும் அதன் வேலை. இப்போது அந்தத் தடதடப்பே காணோம். என்ஜின் கிளம்பாமல் பெல்ட்டை எப்படி ஓட்டுவது?

சரி, கோபம் இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்று எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம், வெற்றிலை மாற்றும் நாள். இண்டூர்க்காரர்கள் மத்தியானம் வருகிறார்கள்.

மகள் ராஜமேரியை மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் சவுரியப்பனுக்குக் கேட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கம்பங்களில் ஏறி இறங்கும் பையன். ராஜமேரிக்கு அவனைப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்றால், மாதா கோவில் திருவிழாவில் மைக்செட்டுக்கு ஒயர் இழுக்க அவன் வந்த நாளிலிருந்து வீட்டில் விளக்கு மங்கலாக எரிந்தால்கூட அவள் மின்சார வாரியத்தைத் திட்டுவதில்லை.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேறு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. வெற்றிலை மாற்றும் முன்னால் பெண்ணின் அப்பன் எதிலாவது ஒரு குறை கண்டுபிடித்து, துண்டை உதறி, "எம்பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்று கத்திக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போய்விட வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் பின்னாலேயே போய் அவரும் பதிலுக்குக் கத்தி, கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். அப்புறம்தான் தட்டு மாறும். அப்பன் சத்தம் போடாமல் சம்மதித்தால், பெண்ணிடம் என்னமோ குறை இருக்கிறது, தள்ளிவிடப் பார்க்கிறான் என்று அர்த்தம். போன தலைமுறையில் ஓர் அப்பனுக்குத் தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வராததால் நின்றுபோன கல்யாணம் ஒன்று இன்னும் பேச்சில் இருக்கிறது.

காலையில் பாக்கியமேரி மாத்திரையும் செம்புத் தண்ணீருமாக வந்தாள். பின்னாலேயே ராஜமேரி.

"அப்பா, இன்னிக்கி ஒரு வேளை அது வேணாம்ப்பா."

"ஏண்டி?" என்றாள் தாய்.

"கோவம் வரணும்ல. ஒரு வேளை உட்டா என்னா ஆயிரும்?"

பிலவேந்திரன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்னதாக, வெள்ளையாக, ஒரு பாவமும் அறியாததுபோல இருந்தது. "டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னாரு கண்ணு. நிறுத்தினா நெஞ்சு காளை மாதிரி பாயுமாம். பாயட்டும். இன்னிக்கி ஒருநாளு பாய்ஞ்சாத்தான் என்னா?"

"பாய்ஞ்சு?"

"அப்புறம் புடிக்க முடியாதுன்னாரு."

 ராஜமேரி அந்த மாத்திரையைத் தானே எடுத்து அவர் வாயில் போட்டு, செம்பைச் சாய்த்துத் தண்ணீரையும் ஊற்றினாள்.

"முழுங்கு. கண்ணாலம் இல்லாட்டிப் போவுது" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். போன இடம் மாதையன் காடு.

மாதையன் பக்கத்துக் காட்டுக்காரர். அவருக்கும் பிலவேந்திரனுக்கும் நடுவில் ஒரு வரப்பு, வரப்பில் ஓர் எல்லைக்கல். அந்தக் கல் பூமியில் இருந்த நாளைவிட இவர்கள் இருவர் கையில் இருந்த நாள்தான் அதிகம். மாதையன் கல்லைத் தொட்டால் பிலவேந்திரன் போடும் சத்தத்தில் கிணற்றுக்குள் தண்ணீர் ஒரு முழம் இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"சித்தப்பா, எங்கப்பாவை ரவ நேரம் திட்டணும்" என்றாள் ராஜமேரி. "வந்து கோவத்தைக் கெளப்பி உடுங்க. எனக்காவ."

"திட்டறதுக்குக் கேக்க வேற வேணுமா?" என்று மாதையன் கடப்பாரையோடு கிளம்பினார்.

பிலவேந்திரன் கிணற்றுமேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாதையன் அவர் கண்ணெதிரே கல்லைப் பெயர்த்து, ஒரு முழம் பிலவேந்திரன் காட்டுக்குள்ளே தள்ளி நட்டார்.

"என்னாய்யா பாக்கற? என் பாட்டன் காடு இது! உன் பாட்டன் எங்கூட்டுக் காட்டுல கொள்ளு பொறுக்கினவன்!"

பிலவேந்திரன் நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தார். பாட்டனைச் சொல்லிவிட்டான். இதற்கு வராவிட்டால் எதற்கு வரும்? உள்ளே ஒரு துடிப்பு வந்தது. அது பாட்டுக்கு வந்து, அது பாட்டுக்குப் போனது. அடுத்ததுக்காகக் காத்திருந்தார். அதுவும் சாவகாசமாக வந்தது.

"மாதையா" என்றார் பிலவேந்திரன். "கல்லை அங்க நட்டா உனக்கு ஏரு திருப்ப எடம் பத்தாதேப்பா. இன்னும் ஒரு முழம் தள்ளி நட்டுக்க."

மாதையனின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. முகம் வெளுத்துப் போனது. அவர் கல்லைப் பிடுங்கினார். பழைய இடத்துக்குக் கொண்டு போனார். அங்கேயும் மனசு கேட்காமல், தன் காட்டுக்குள் ஒரு முழம் தள்ளி நட்டார். பிறகு நேரே வீட்டுக்குப் போய் பாக்கியமேரியிடம், "ஆத்தா, பெரிய டாக்டரா யாரையாவது பாருங்க. ஆளு இருக்க மாட்டான்போல இருக்குது. எங்கிட்டயே நல்லா பேசறான்" என்று கண் கலங்கினார்.

அந்த ஒரு முழம் இன்றைக்கும் பிலவேந்திரன் குடும்பத்தின் அனுபவத்தில்தான் இருக்கிறது. அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் வண்டி கட்டிக்கொண்டு இண்டூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மிக்கேலம்மாள் முன்னால் வந்தாள். நிமிர்ந்த கழுத்து, கையில் வெள்ளி மாதிரி மினுங்கும் தட்டு. அவளுக்குப் பின்னால் தாய்மாமன் அருள்நாதன். அருள்நாதனின் குரலைப் பற்றியும் அந்தப் பக்கத்தில் பேச்சு உண்டு. வத்தல்மலையில் நின்று அவர் தும்மினால் அடிவாரத்தில் குடையை விரிப்பார்களாம். பிலவேந்திரனும் அருள்நாதனும் கிணற்றுமேட்டில் மோதிக்கொள்வதைப் பார்க்க, அழைப்பில்லாமலே பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்.

களியும் கோழிக்குழம்பும் ஆனது. தட்டு நடுவில் வந்தது. எல்லோரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "இந்த வாழப்பழம்..." என்றார்.

"ஆமாங்க?" என்றாள் மிக்கேலம்மாள் ஆவலாக.

"சின்னதா இருக்குது."

"ஆமாங்க, சின்னதுதாங்க!" கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிலவேந்திரன் துண்டை உதறினார். எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். நெஞ்சைக் கவனித்தார். வேலியோரம் வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட நின்றுபோனது. கதவுக்குப் பின்னால் ராஜமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே டொக் என்றது. வெகு நேரம் கழித்து இன்னொரு டொக்.

"சின்னப் பழந்தான் இனிப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மிக்கேலம்மாளின் முகம் மாறியது. அவள் தம்பியை முழங்கையால் இடித்தாள். அப்பன் தானாக எழாவிட்டால் தாய்மாமன் சீண்டிவிடலாம், அதுவும் வழக்கத்தில் சேர்ந்ததுதான். ஆனால் அருள்நாதன் மடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரவ தண்ணி குடுங்க. சாப்புட்டதும் மாத்திரை போடணும்" என்றார்.

மடியிலிருந்து டப்பி வெளியே வந்தது. பிலவேந்திரன் எட்டிப் பார்த்தார். சின்னதாக, வெள்ளையாக, ஒரு பாவமும் அறியாத அதே மாத்திரை.

"காளியப்பன் டாக்டருங்களா?"

"ஆமா! உங்களுக்கும் அவருதானா?"

"பம்புசெட்டு சொன்னாருங்களா?"

"சொன்னாரு, சொன்னாரு. கை சில்லுனு ஆவுதா உங்களுக்கு?"

"தவக்களை மாதிரி. கனவு?"

"ஐயோ, அதைக் கேக்காதீங்க. கலர் கலரா வருது. நேத்து எங்கக்காளே மயிலு மேல வந்தா."

அருள்நாதன் மணிக்கட்டை நீட்ட, பிலவேந்திரன் அதைப் பிடித்து எண்ணினார். பிறகு இவர் நீட்ட, அவர் எண்ணினார். உனக்கு ஐம்பத்தெட்டா, எனக்கு ஐம்பத்தாறு என்று இருவரும் உடன்பிறந்தவர்கள்போலச் சிரித்துக்கொண்டார்கள். இவ்வளவு பிரியமான சம்பந்திகளை அந்த ஜில்லா அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்யாணம் நின்றுபோவதற்கு அது போதுமானதாக இருந்தது.

மிக்கேலம்மாள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியப் பூட்டுப்பா சவுரியப்பா. ஒரு சத்தம் இல்ல, ஒரு வீம்பு இல்ல. பழம் இனிப்பா இருக்குமாம்! பெத்தவனுக்கே பொண்ணு பாரமாப் போச்சின்னா, உள்ள என்னா கொறை இருக்குதோ. இது ஆவாதுங்க."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கதவுக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.

பிலவேந்திரனுக்கும் அது கேட்டது. மகள் அழுகிறாள். நாலு வார்த்தை கத்தினால் தீரும் காரியம். 'ஏ பாழாப்போன நெஞ்சே, ஒரே ஒரு அடி வேகமா அடிச்சுத் தொலையேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. விழவில்லை, போட்டிருந்தார்கள்.

பாக்கியமேரி வெளியே வந்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொறுமைசாலி என்று ஊர் சொன்னது. உண்மையில் அவளுக்கு நடுவில் புக இடம் கிடைக்கவில்லை.

"யாரு பொண்ணுக்குடி கொறை?" என்றாள்.

புளியமரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

"எம்பொண்ணுக்கா? உம்மவன் காதப் பாத்தியா, ரெண்டு பக்கமும் மொறம் கட்டி உட்ட மாதிரி! கரண்டு கம்பத்துல ஏறி ஏறிக் காலு வளைஞ்சி போயி, ரெண்டு முட்டிக்கும் நடுவுல நாயி போவுது! உச்சிப் பொழுதுக்கு வரேன்னுட்டு ஒரு மணிக்கு வந்து எறங்கறீங்க, களி ஆறிக் கல்லாப் போச்சி. உங்க வண்டிச் சக்கரம் ஏறினது என் மொளகாக் காயப்போட்ட பாயி மேல! குடுக்க மாட்டேன்! எம்பொண்ணைக் குடுக்கவே மாட்டேன்!"

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு நடந்தாள். போகும் வழியெல்லாம் கத்திக்கொண்டே போனாள்.

கூட்டம் அருள்நாதனைப் பார்த்தது. அருள்நாதன் மாத்திரை டப்பியை மூடிக்கொண்டிருந்தார். "நீயே போயிட்டு வாக்கா" என்றார் அமைதியாக.

மிக்கேலம்மாள் தட்டை அவர் மடியில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. புயல்போலப் போனாள்.

கிணற்றுமேட்டில் அதற்குப் பிறகு நடந்ததை வார்த்தையில் வடிப்பது கஷ்டம். பாக்கியமேரி இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததை இறக்கினாள். மிக்கேலம்மாளும் சளைக்கவில்லை. சேலம் பஸ் சாலையில் நின்றது. பிரயாணிகள் இறங்கி வேலியோரம் வந்தார்கள். கண்டக்டர் புறப்பட விசில் அடித்தார். அது யாருக்கும் கேட்காததால் அவரும் வந்து உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கிக்கொண்டார். கிணற்றுக்குள் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது; வழக்கம்போல இல்லாமல் ஒரு குரலுக்கு இரண்டு குரலாகக் கேட்கவே, குழம்பிப் போய் இரண்டு முழம் ஏறியது.

"உம்பொண்ணு மூக்கு?"

"எம்பொண்ணு மூக்குக்கு உம்மவன் கம்பத்துலருந்து தலகீழாத் தொங்கணும்!"

"தொங்கத்தாண்டி தொங்கறான், அதனாலதான் வந்தேன்!"

அங்கே ஒரு கணம் இருவரும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். மிக்கேலம்மாள்தான் முதலில் சிரித்தாள். கயிற்று வாளியில் தண்ணீர் சேந்தி, முதலில் பாக்கியமேரிக்குக் கொடுத்து, மீதியைத் தான் குடித்தாள். பாக்கியமேரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பொண்ணைப் பெத்தவன்னா இப்புடித்தான் இருக்கணும்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "தட்டை எடுடா அருளு."

வெற்றிலை மாறியது. ராஜமேரி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சவுரியப்பன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணத்தை முடித்துவிடுவது என்று பேச்சாயிற்று.

வண்டியில் ஏற வைத்த காலை மிக்கேலம்மாள் திரும்ப எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லிப்புடறேன் சம்மந்தி. இன்னிக்கி நடந்தது பொம்பளைங்க சண்டை. நான் ஏத்துக்கிட்டேன். எங்கூட்டுப் பெரியவங்க ஏத்துக்க மாட்டாங்க. கண்ணாலத்தன்னிக்கிக் கோவில் வாசல்ல, அவங்க கண்ணெதிர்ல, பொண்ணோட அப்பன் ஒருதடவையாவது கோவிச்சுக்கிட்டுப் போவணும். இல்லாட்டி மாலையோட எம்மவனைத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நான் தடுக்க முடியாது."

வண்டி போய்விட்டது. பிலவேந்திரன் மகளைப் பார்த்தார். மகள் அவர் நெஞ்சைப் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ் பிடித்து புருஷனும் பெண்டாட்டியும் தருமபுரிக்குப் போனார்கள். கத்திக் கத்திப் பாக்கியமேரிக்குக் குரல் கம்மியிருந்தது. ஆனால் நடையில் ஒரு புதுத் துள்ளல். டாக்டர் காளியப்பன் பட்டையைச் சுற்றி அளந்தார். நாடியைப் பிடித்தார். கணுக்காலில் கட்டை விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. படுக்க வைத்து மூச்சைக் கேட்டார்.

"பிரமாதமா இருக்குதுங்க. பிரஷர் எறங்கிருச்சு, பம்பும் நல்லா வேலை செய்யுது. இதே மாதிரி போட்டுக்கிட்டு வாங்க."

"அதில்லைங்க டாக்டரு" என்று பாக்கியமேரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து நடந்ததையெல்லாம், எல்லைக்கல்லிலிருந்து கோவில் வாசல் நிபந்தனை வரைக்கும், கம்மிய குரலில் ஒன்று விடாமல் சொன்னாள். "மாத்திரையும் நிறுத்தக் கூடாது, கண்ணாலமும் நிக்கக் கூடாது. அன்னிக்கி ஒரே ஒரு மணி நேரம் இவருக்குக் கோவத்தைத் திருப்பிக் குடுக்கற மாதிரி ஒரு ஊசி இருந்தாப் போடுங்க. புண்ணியமாப் போவும்."

பிலவேந்திரனும் கை கூப்பினார். "மாத்திரையில எங்கோவம் எங்க போயி ஒளிஞ்சுக்கிச்சின்னே தெரியலைங்க. நானும் ஒரு மாசமாத் தேடிட்டேன்."

டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். 

"இந்த மாத்திரை நெஞ்சோட வேகத்தையும் அடியையுந்தாம்மா கொறைக்கும். கோவத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."